‘அலோ’ (அனுமதி) கொடுக்கச் சொல்பவர்கள் எழுதிக் கொடுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் கணினிப் பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடவுச்சொல், ஓடிபி பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நெட்வொர்க்கிலிருந்து கணினிக்குள் வருவதைக் காவல் காக்கும் ஃபயர்வால் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: அறிமுகமில்லாத புரோகிராம் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள் என்று. நான் கரூரில் கடைக்காரர்களுக்கும் சிறு ஏற்றுமதியாளர்களுக்கும் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் அலுவலகம் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியோடு எங்களைப் போன்றவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அறிமுகத்தை வைத்து இதை முடிவு செய்யவே முடியாது. என் அலுவலகத்துப் பெண்களுக்கு டேலி தெரியும், எக்செல் தெரியும், குரோம் தெரியும். மற்றதெல்லாம் அறிமுகமில்லாததுதான். விண்டோஸின் சொந்தப் புரோகிராமான எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வருகிறது. திருட்டுப் புரோகிராம் எழுதுகிறவனோ ஊரறிந்த பெயராகப் பார்த்துத்தான் வைப்பான். அதே எஸ்விசிஹோஸ்டில் இரண்டு ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டால், 3பி என்ற ஜிஎஸ்டி மாதப் படிவத்தைத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி மாலையில் யார் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

அனுமதி கேட்டுத் திரையில் வரும் பெட்டியையே கொஞ்சம் பார்ப்போம். விண்டோஸ் 10இல் அது "இந்தப் புரோகிராமின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்திருக்கிறது" என்று சொல்லும். கீழே புரோகிராமின் பெயர், வெளியிட்டவர், கோப்பு இருக்கும் இடம் என்று மூன்று வரிகள். அதற்கும் கீழே இரண்டு கட்டங்கள்: வீடு, அலுவலகம் போன்ற தனியார் நெட்வொர்க், விமான நிலையம், காபிக் கடை போன்ற பொது நெட்வொர்க். விண்டோஸ் 11இல் வாசகத்தை மாற்றி, நெட்வொர்க்குகள் இந்தப் புரோகிராமை அணுக அனுமதிக்கலாமா என்று கேட்கிறார்கள். என் கணிப்பில் இதுதான் பழையதைவிட நேர்மையான கேள்வி. ஏனென்றால் இந்தப் பெட்டி, புரோகிராம் இணையத்துக்குப் போகலாமா என்று கேட்கவே இல்லை. வெளியிலிருந்து மற்றவர்கள் இந்தப் புரோகிராமிடம் வரலாமா என்றுதான் கேட்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பான அமைப்பில், அனுமதிக்கும் விதி எழுதப்படாமல் உள்ளே வருவதெல்லாம் தடுக்கப்படும்; வெளியே போவதெல்லாம் விடப்படும். குடோன் வாட்ச்மேனை உள்ளே வருகிறவர்களை மட்டும் விசாரிக்கச் சொல்லி நிறுத்தியிருப்பதைப் போன்ற ஏற்பாடு அது. மூட்டையோடு வெளியே போகிறவரை அவர் கேட்க மாட்டார்.

இது புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். புரோகிராம் எனக்குப் பழக்கமா இல்லையா என்பதை ஓரமாக வைத்துவிடலாம். இன்னொரு கணினியோ போனோ இந்தக் கணினிக்கு வந்து இந்தப் புரோகிராமோடு பேச வேண்டிய வேலை இருக்கிறதா? அதற்கு மட்டும் பதில் தெரிந்தால் போதும்.

எங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போட எம்சைனர் என்ற சிறு புரோகிராம் பின்னணியில் ஓட வேண்டும். யூஎஸ்பி டோக்கனைச் செருகி, பின் எண்ணைப் போட்டால் அதுதான் கையொப்பத்தை எடுத்துத் தளத்துக்குக் கொடுக்கிறது. 1585 என்ற போர்ட்டில் (கணினிக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கும் என்றதும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மிரண்டுபோகிறார்கள். ஆனால் அது பேசுவது 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது அதே கணினியில் திறந்திருக்கும் பிரவுசரோடு மட்டும். வெளியிலிருந்து யாரும் அதனிடம் வர வேண்டிய தேவையே இல்லை. ஆகவே அதன் பெயரைச் சொல்லி யாராவது ஃபயர்வாலைத் திறக்கச் சொன்னால், எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தேவையும் உண்டு. ஒரு கணினியில் இருக்கும் கணக்கை இன்னொரு கணினியிலிருந்து எழுத வேண்டும், ஒரே உரிமத்தை நான்கு பேர் பகிர வேண்டும் என்றால் மற்றவர்கள் வந்துதான் ஆக வேண்டும். அங்கே மறுத்துவிடுங்கள் என்று சொன்னால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் அடுத்து வருவது மென்பொருள் விற்றவரின் போன். நான் சொல்ல வந்த குறையே அங்கேதான் தொடங்குகிறது.

என் வாடிக்கையாளர் ஒருவர் ஜவுளி வியாபாரி. கீழே கடை, மாடியில் கணக்குப் பிரிவு. பில் போடுவது கீழே. தரவு இருப்பது மாடிக் கணினியில். கீழே புதுக் கணினி வாங்கி வைத்ததும் மாடியோடு இணைப்புக் கிடைக்கவில்லை. பில்லிங் மென்பொருள் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி தொலைவிலிருந்தே இணைந்து சரிசெய்துவிட்டார். நான் சரக்கு இருப்பு விவரம் வாங்கப் போனபோது மாடிக் கணினியின் மூலையில் இருந்த கேடயக் குறியில் சிவப்பு அடையாளம் தெரிந்தது. திறந்து பார்த்தால் டொமைன் (நிறுவன நெட்வொர்க்), தனியார், பொது என்று மூன்று நெட்வொர்க்குகளுக்கும் ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது. போன் செய்து கேட்டேன். "மேடம், ஆஃப் செய்தால்தான் எங்கள் சாஃப்ட்வேர் ஓடும். எல்லாக் கடையிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்" என்றார். பெருமையாகவே சொன்னார்.

எல்லாக் கடையிலும்! அந்த மென்பொருளுக்கு அடியில் இருப்பது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருள். அது வழக்கமாக டிசிபி 1433 என்ற போர்ட்டில் காத்திருக்கும். ஒரே கணினியில் தனிப்பெயர் வைத்து நிறுவியிருந்தால், எந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்ட இன்னொரு சேவை யூடிபி 1434இல் இருக்கும் (டிசிபி, யூடிபி என்பவை தரவு அனுப்பும் இரு முறைகள்). தேவைப்பட்டது இவ்வளவுதான்: மாடிக் கணினியில் அந்தப் போர்ட்டுக்கு ஒரு விதி, அதுவும் கீழே இருக்கும் பில்லிங் கணினியின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும். ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்புகளில், உள்வரும் விதிகள் என்ற பட்டியலில், தொலை முகவரி என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. அதைச் செய்யச் சோம்பல்பட்டு வீட்டின் எல்லாக் கதவையும் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1434 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு (கணினி விட்டுக் கணினி தானாகவே பரவும் தீநிரல்) அந்தப் போர்ட் வழியாகத்தான் உலகத்தைச் சுற்றி வந்தது. அதன் அளவு வெறும் 376 பைட். ஏறக்குறைய 75,000 கணினிகளைத் தொற்றியது. அவற்றில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடங்களுக்குள் விழுந்துவிட்டன. தென்கொரியாவில் இணையமே திணறியது. அமெரிக்காவில் ஏடிஎம்கள் பணம் தரவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் கணினியில் எஸ்க்யூஎல் இருப்பதே தெரியாது. வேறொரு மென்பொருளை நிறுவியபோது கூடவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த ஜவுளிக்கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் தெரியாது. அவர் வாங்கியது பில்லிங் மென்பொருள்.

ரூட்டர் இருக்கிறதே, அதைத் தாண்டி யார் வரப்போகிறார்கள் என்று அந்தத் தம்பி வாதாடினார். உண்மைதான், இணையத்தில் இருப்பவர் ரூட்டரைத் தாண்டி நேராகக் கணினிக்கு வருவது எளிதல்ல. ஆனால் அதே ரூட்டரில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? சிசிடிவி பெட்டி இருக்கிறது. அதன் கடவுச்சொல்லை வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத்தான். கடைப் பையன்களின் போன்கள் இருக்கின்றன. துணி எடுக்க வந்த வெளியூர் வியாபாரி, சிக்னல் இல்லை என்று வைஃபை கடவுச்சொல் கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. இத்தனை பேருக்கும் நடுவில் கணக்குக் கணினி கவசமில்லாமல் நிற்கிறது.

அந்த இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்று பிறகு பார்த்தபோது காரணம் மிகச் சிறியதாக இருந்தது. விண்டோஸ் புதிதாகச் சேரும் எந்த நெட்வொர்க்கையும் இயல்பாகப் பொது நெட்வொர்க் என்றே எடுத்துக்கொள்ளும். யாரோ எப்போதோ பெட்டியில் தனியார் என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்து அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அது சரியான செயல்தான். ஆனால் கணினியோ கடையின் நெட்வொர்க்கைப் பொது என்று நினைத்துக்கொண்டிருந்தது. அனுமதி ஓரிடத்தில், கணினி வேறிடத்தில். இங்கே செய்ய வேண்டியது, அமைப்புகளுக்குப் போய் அந்தக் கடை நெட்வொர்க்கைத் தனியார் என்று மாற்றுவது. பொது என்ற கட்டத்தையும் சேர்த்து டிக் செய்தால், அதே லேப்டாப் நாளைக்கு விடுதி வைஃபையில் சேரும்போதும் அனுமதி கூடவே போகும். பக்கத்து அறைக்காரரும் வந்து தட்டலாம்.

இன்னொன்றையும் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். மறுத்துவிடுங்கள் என்கிறார், மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. பெட்டியில் கேன்சல் கொடுத்தால் அது வெறுமனே மூடிக்கொள்வதில்லை. அந்தப் புரோகிராமைத் தடுக்கும் விதிகளை, பெரும்பாலும் டிசிபிக்கு ஒன்று யூடிபிக்கு ஒன்று என்று, எழுதி வைத்துவிட்டுப் போகும். அதன் பிறகு அந்தப் பெட்டி வராது. பின்னால் நாமே அனுமதி விதி ஒன்று எழுதினாலும், தடுக்கும் விதி இருக்கும்வரை அதுதான் செல்லும். மென்பொருள் ஓடவில்லை, அனுமதியும் கொடுத்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொள்பவர்களில் பலர் இந்தப் பழைய விதியை நீக்காதவர்கள். உள்வரும் விதிகளின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி, சிவப்பு வட்டம் போட்ட வரியை அழித்தால் சரியாகிவிடும். இது தெரியாததால்தான் கேன்சல் என்றால் பயப்படுகிறார்கள். பயத்தில் எதைக் கேட்டாலும் அனுமதிக்கிறார்கள். உண்மையில் கேன்சல் கொடுத்ததால் நாசமாகும் வேலை மிகக் குறைவு. வீடியோ கூட்டத்துக்கு டீம்ஸ் திறக்கும்போது இந்தப் பெட்டி குறுக்கே வந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கேன்சல் கொடுத்தாலும் கூட்டம் வேறு வழியில் நடந்துகொண்டேதான் இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தப் பெட்டியில் மூன்றாவதாக ஒரு பொத்தான் இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு 135ஆம் போர்ட் வழியாக வந்து கணினிகளைத் தானாக அணைத்து அணைத்துப் போட்டதற்குப் பிறகு, 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2இல் ஃபயர்வால் முதன்முறையாக இயல்பாகவே இயங்கும்படி வந்தது. அதில் தொடர்ந்து தடு, தடையை நீக்கு, பிறகு கேள் என்று மூன்று. அந்தப் ‘பிறகு கேள்’ எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது தெரியவில்லை, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்பதும் ஒரு பதில்தானே. அதை ஏன் எடுத்தார்களோ.

விசாரிப்பதற்கும் வழி இருக்கிறது. முதலில் இடம். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்று இருந்தால் யாரோ நிர்வாகி உரிமையோடு நிறுவியது என்று கொள்ளலாம். டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ டவுன்லோட்ஸிலிருந்தோ ஒன்று எழுந்து அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆப்டேட்டா என்ற ஃபோல்டர் என்றால் இரண்டும்கெட்டான். ஜூம் போன்ற நல்ல புரோகிராம்களும் அங்கே குடியிருக்கின்றன. அடுத்து, கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் என்ற பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது. வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பைக் கொடுத்தால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். புரோகிராமை மட்டும் கொடுங்கள், வாடிக்கையாளரின் கணக்குக் கோப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே ஏற்றப்படுவது மற்றவர்களோடு பகிரப்படும். கையொப்பம் இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான புரோகிராமின் 5.33 பதிப்பு, முறையான கையொப்பத்தோடு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே தீநிரலைச் சுமந்து வந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியிருந்தது.

வேறு புரோகிராம்களைத் தன் மேல் ஓட்டும் ஜாவாவின் விவகாரம் தனி. ஜாவாவின் மேல் ஓடும் ஏதாவதொன்று கேட்டால் பெட்டியில் அந்த மென்பொருளின் பெயர் பெரும்பாலும் வராது. ஜாவா பிளாட்ஃபார்ம் என்று வரும், வெளியிட்டவர் ஆரக்கிள் என்று இருக்கும். பெரிய கம்பெனிதானே என்று அனுமதித்தால், அதே ஜாவாவின் முதுகில் ஏறி நாளைக்கு எது வந்தாலும் அதற்கும் சேர்த்து அனுமதித்ததாகிவிடும்.

ஃபயர்வால் பெட்டியில் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிடவும் கூடாது. எனிடெஸ்க் போன்ற தொலை இணைப்புச் செயலிகள் நம் கணினியிலிருந்து வெளியே போய் நடுவில் ஒரு சர்வரில் சந்தித்துக்கொள்பவை. உள்ளே வர அனுமதி மறுத்தாலும் அவை வேலை செய்யும். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்பவர் அதை நிறுவச் சொல்லிப் பணத்தை உருவுவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. அங்கே ஃபயர்வால் கைகொடுக்காது. போனை வைத்துவிடுவதும், பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழைப்பதும்தான் வழி.

இனி என் கோரிக்கை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: கணினித் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று. நல்லது. தாக்குதலுக்கு முன்னால் ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் போனவரை யார் கேட்பது? கடைக்காரர் பணம் கொடுத்து மென்பொருள் வாங்குகிறார். பில்லில் எச்எஸ்என் எண் இருக்கிறது, வரி பிரித்துக் காட்டியிருக்கிறது, சேவை ஒப்பந்தம் எந்தத் தேதிவரை என்றும் இருக்கிறது. எந்தப் புரோகிராம், எந்தப் போர்ட்டில், எந்தக் கணினியிலிருந்து வருவதற்கு அனுமதி வேண்டும் என்ற நான்கு வரி மட்டும் இல்லை. தயாரித்தவர்களுக்குத் தெரியாததா இது? பதில் தெரிந்தவரிடம் கேள்வி போவதில்லை. பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம், வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது, ஆங்கிலத்தில் போய் நிற்கிறது. அவர் என்ன செய்வார்? போன் போடுவார். மறுமுனையில் இருப்பவர் "அலோ கொடுங்கள்" என்பார். அது பிரச்சினையைத் தீர்க்காவிட்டால் "ஆஃப் செய்யுங்கள்" என்பார்.

அந்த ஜவுளிக்கடைக்காக நான் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஃபயர்வாலை அணைக்கச் சொல்வதாக எழுத்தில் கொடுங்கள், ஏதாவது நடந்தால் பொறுப்பு உங்களுடையது என்றும் குறிப்பிடுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. நினைவூட்டியதும் வேறொருவர் பேசினார், மூத்தவர் போல. மறுநாள் போர்ட் எண்ணும் முகவரியும் போட்ட மின்னஞ்சல் வந்தது. ஃபயர்வாலை மூன்று நெட்வொர்க்குக்கும் இயக்கி, ஒரே ஒரு விதி எழுதினோம். கீழே பில் போகிறது, மாடியில் கணக்கு ஏறுகிறது. எல்லாக் கடையிலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்று அந்தத் தம்பி சொன்ன மற்றக் கடைகள் எவை என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும் கடைக்காரர்கள் தங்கள் கணினி மூலையில் இருக்கும் கேடயத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

வணிகர் சங்கங்கள் மென்பொருள் வாங்கும்போது இந்த நான்கு வரியைக் கேட்டு வாங்கச் சொல்லி உறுப்பினர்களுக்கு அறிவிக்கலாம். தாங்களும் அடுத்த இணைப்பிதழில், உள்வரும் விதிகள் பட்டியலை எப்படித் திறப்பது, பழைய தடையை எப்படி நீக்குவது, நெட்வொர்க்கைத் தனியார் என்று எங்கே மாற்றுவது என்பதைத் திரைப் படங்களோடு தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு ஆலோசகர் ஒருவர்,
கரூர்.
(வாடிக்கையாளர் நலன் கருதிப் பெயர் வெளியிட வேண்டாம்.)